மில் கேட்டு வந்தா சொல்லுங்க

யக்கா, ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க. எனக்கு வேணாம். மில் கேட்டு ஸ்டாப்பு தெரியுமா உங்களுக்கு? ஆண்டிபட்டி தாண்டி வருமாம். நான் இங்கிட்டு வந்ததே இல்ல. வந்தா ஒரு வார்த்த சொல்லுங்க, எறங்கிக்கிறேன். நீங்க எங்க, க.விலக்கா? பெரியாஸ்பத்திரிக்கா? சரி சரி. அப்ப எனக்கு அடுத்த ஸ்டாப்பு நீங்க.

கடலை எடுத்துக்கங்க. சும்மா எடுங்கக்கா. யாருகிட்டப் பேசுறதா இருந்தாலும் மொதல்ல அவுக கையில ஏதாச்சும் குடுத்துரணும். கை நெறஞ்சிருந்தா ஆளு எந்திரிச்சுப் போக மாட்டாக. இது தனுஷ்கோடி சார் சொல்லிக்குடுத்தது. இல்ல, அவரு ஒண்ணும் சொல்லிக்குடுக்கல. நானாத்தான் கத்துக்கிட்டேன்.

போன் அடிக்குதுல்ல, அத விடுங்க. அவருதான். உசிலம்பட்டியில பஸ் ஏறுனதுல இருந்து இது ஆறாவது தடவ. மதுரையில ஒரு ஹோட்டல் மாடியில, ஏசி ஹால்ல, முந்நூறு இன்சூரன்ஸ் ஏஜென்ட்டுக உக்காந்திருக்காக. பதினோரு மணிக்கு மேடையில எனக்குப் பொன்னாடை, ஒரு கேடயம். 'நேர்மைக்கான சிறப்பு விருது, செல்வி முத்துப்பேச்சி.' பேனர்ல என் போட்டோ இருக்காம். ரேஷன் கார்டுக்கு எடுத்த போட்டோ, நான் யாரையோ மொறைக்கிற மாதிரி இருக்கும். அந்தப் போட்டோவுக்கு அங்க கைதட்டப் போறாக. நான் எதிர்த்திக்குல தேனி பஸ்ல உக்காந்து கடலை உரிச்சுக்கிட்டு இருக்கேன்.

ஏன்னு கேளுங்க. கேக்காட்டியும் சொல்லுவேன். எங்கம்மா அதனாலதான் என்கிட்ட எதுவுமே கேக்குறதில்ல.

நான் இன்னும் ஸ்டூடன்ட்தான் யக்கா. பி.காம். மூணாவது வருஷத்துல மூணு செமஸ்டரா வெளிய நிக்கிறேன். அரியர் இல்ல, வாய்தான். எங்க டிபார்ட்மென்ட் ஹெச்.ஓ.டி. பரஞ்சோதி மேடம், அட்டெண்டன்ஸ் ஏன் அறுவத்திரெண்டு பர்சென்ட்டுன்னு கிளாஸுல வச்சுக் கேட்டாக. காய்ச்சல் மேடம்னு சொல்லிட்டு உக்காந்தா முடிஞ்சுபோற கேள்வி. நான் எந்திரிச்சு, "மேடம், போன வருஷம் உங்க பேப்பர்ல பெயிலானவுக லிஸ்ட்ட எடுத்துப் பாருங்க. அம்புட்டுப் பேரும் ஒழுங்கா கிளாஸுக்கு வந்தவுக"ன்னு சொன்னேன். புள்ளைக சிரிச்சுச்சுக. மேடம் சிரிக்கல. மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடுத்துட்டு உள்ள வான்னாக. நாலு வரி, அவ்வளவுதான். அந்த நாலு வரிய எழுத மாட்டேன்னு மூணு செமஸ்டரு.

எழுத மாட்டேன்னு சொல்றதுக்கு மட்டும் பிரின்சிபாலுக்கு ஒம்பது பக்கம் எழுதுனேன்.

அந்த சமயத்துலதான் தனுஷ்கோடி சார் என்னையப் பாத்தாரு. பேங்க்ல, க்யூவுல நடுவுல பூந்த ஒரு ஆளோட நான் சண்டை போட்டுக்கிட்டு இருக்கேன். அந்த ஆளு பணமே எடுக்காம போயிட்டான். பின்னாடி வெள்ளைச் சட்டை போட்ட ஒருத்தர் வந்து கார்டக் குடுத்து, "பாப்பா, இந்த வாய் எனக்கு வேணும்"னாரு. இன்சூரன்ஸ்ல டெவலப்மென்ட் ஆபீசரு. அவருக்குக் கீழ நாப்பது ஏஜென்ட். "நீ சண்டை போடுறதுல பாதிய பாலிசியா மாத்துனாப் போதும், ஸ்கூட்டி வாங்கிரலாம்"னாரு. பரீட்சை எழுதுனேன், பாஸ். ஏஜென்ட் கோடு நம்பரு வந்துருச்சு. மொத வருஷம் பன்னெண்டு பாலிசி போடணும், இல்லன்னா கோடு போயிரும்.

அவரு பாடம் நெறைய எடுப்பாரு. புள்ளைக பேரக் கேட்டு மறுவாட்டி போகையில அந்தப் பேரச் சொல்லு. செத்துப்போனான்னு சொல்லாத, 'ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா'ன்னு சொல்லு. எனக்கு அந்த ஒண்ணுகெடக்க ஒண்ணு வாயில வரவே வராது. மொத வீட்டுலயே, வெள்ளிக்கெழம சாயங்காலம் வெளக்கேத்தயில போயி, "அண்ணே, நாளைக்கே நீங்க செத்துட்டா அண்ணிக்கு யாரு"ன்னு கேட்டேன். அந்த அண்ணி வெளக்க வச்சிட்டு வெளக்குமாத்த எடுத்தாக.

உங்களுக்கு எத்தன புள்ளைக யக்கா? சும்மாதான் கேட்டேன். சரி விடுங்க.

முக்கியமான பாடம் ஒண்ணு சொன்னாரு. அதுலதான் வந்து நிக்கிது கதை. ஃபாரத்துல பதினெட்டு கேள்வி இருக்கும். சுகர் இருக்கா, பிரஷர் இருக்கா, ஆபரேஷன் பண்ணியிருக்கா, இப்படி. "அதெல்லாம் கேட்டு ஆளக் கலைச்சு விட்டுறாத பாப்பா. மெடிக்கல் டெஸ்ட்டும்பான், பிரீமியம் ஏறும், கேஸு கைய விட்டுப் போயிரும். இல்ல, இல்ல, இல்லன்னு கோடு போட்ட மாதிரி டிக் போட்டுட்டு வா." நானும் போட்டேன். பதினெட்டு டிக், பேனாவத் தூக்காம, பதினோரு செகண்டு. அதுல எனக்குப் பெருமை வேற. ஏன் எதுக்குன்னு எல்லாத்துக்கும் மல்லுக்கு நிக்கிற கழுத, இத மட்டும் ஒரு வார்த்த கேக்கல பாருங்க.

டிக் போடாத ஆளு ஒருத்தரு உண்டு. ரமீஜாக்கா. இருவத்தேழு வருஷமா ஏஜென்ட். சாரே அவுகளுக்கு டீ வாங்கிட்டு வருவாரு. அதிகம் பேச மாட்டாக. என்னைய ரெண்டு நாள் ஸ்கூட்டருல பின்னாடி உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போனாக. மூணாவது நாள் எறக்கி விட்டுட்டாக. "ஏ புள்ள, நீ கேள்வி கேக்குற, பதிலையும் நீயே சொல்லிர்ற. அவுக எதுக்கு அங்க உக்காந்திருக்காக? கேட்டுட்டு மனசுக்குள்ள இருவது எண்ணு. பதினெட்டுல உண்மை வரும்"னாக. நான் எண்ணிப் பாத்தேன் யக்கா. மூணுக்கு மேல போனதில்ல. மூணுலயே எனக்கு மூச்சு முட்டிரும்.

ஆறு மாசத்துல பதினோரு பாலிசி போட்டேன். மாமா, சலூன்காரரு, எங்கம்மாவுக்குப் பூ கட்டிக் குடுக்குற செல்லத்தாய், இப்படி. பதினோராவது யாருன்னு நெனைக்கிறீக? பரஞ்சோதி மேடம். ஆமா. என்னைய வெளிய அனுப்புன ஆளே என்கிட்ட கையெழுத்துப் போடணும்னு வீம்பு. ஸ்டாஃப் ரூமுக்கே போனேன். திட்டி அனுப்புவாகன்னு பதிலெல்லாம் தயாரா வச்சிருந்தேன். அவுக கண்ணாடியக் கழட்டித் தொடச்சிட்டு, "எங்க போடணும்"னு மட்டும் கேட்டாக. எனக்கு ஏமாத்தமாப் போச்சு. கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி, "முத்துப்பேச்சி, ஒண்ணு சொல்லணும், போன வருஷம் எனக்கு..."ன்னு ஆரம்பிச்சாக. "அதெல்லாம் கேக்க மாட்டாக மேடம், நீங்க போடுங்க"ன்னுட்டேன். அவுக முன்னாடியே பதினெட்டு டிக்கும் போட்டேன். பதினோரு செகண்டு.

இருங்கக்கா, முடிச்சிர்றேன். இப்பத்தான ஆண்டிபட்டி வருது.

அடுத்த திங்கக்கெழம கூட்டம். எல்லா ஏஜென்ட்டும் இருக்காக. சாரு ஒரு பையன எந்திரிக்கச் சொல்லி, பிரமாதம்னு பாராட்டுறாரு. அவன் ஒம்பது பாலிசி. நான் பதினொண்ணு. எனக்கு எரியுது. எந்திரிச்சு, "சார், அந்தக் கேள்வியெல்லாம் கேக்காமலே டிக் போடச் சொல்றீகளே, அது சரியா?"ன்னு கேட்டேன். சத்தியமாச் சொல்றேன், அதுக்கு முன்னாடி நிமிஷம் வரைக்கும் எனக்கு அது தோணுனதே இல்ல. அவரக் குத்துறதுக்கு கையில கெடச்சது அது, அம்புட்டுத்தான். அவரு சிரிச்சாரு. "மொதல்ல இந்தப் பாப்பா வாய்க்கு ஒரு பாலிசி எடுக்கணும்ப்பா. எந்தக் கம்பெனியும் தராது"ன்னாரு. நாப்பது பேரும் சிரிச்சாக.

இருங்கய்யா ஒங்களுக்குன்னு நேரா ஒச்சப்பன் சவுண்ட் சர்வீஸுக்குப் போனேன். கோயில், கல்யாணம், காதுகுத்து, எல்லாத்துக்கும் மைக் செட்டு கட்டுறவரு. அம்பது வயசு. "அண்ணே, உங்க ஒடம்புக்கு என்னென்ன, ஒண்ணு விடாமச் சொல்லுங்க"ன்னேன். ஃபாரத்த நெரப்பி, மேல ரெண்டு பேப்பர் சேத்து எழுதி, சாரு மூஞ்சியில எறியணும். அதான் திட்டம். நேர்மையெல்லாம் பக்கத்துல கூட இல்ல.

அவரு சொல்ல ஆரம்பிச்சாரு. சுகரு ஆறு வருஷமா. ஒரு தடவ கெடா விருந்து சாப்புட்டு நெஞ்சு வலி வந்து ரெண்டு நாள் ஆஸ்பத்திரி. முட்டி வலி. சின்ன வயசுல நாய் கடிச்சது, நாய் பேரு மணி. அதையும் எழுதுனேன். நடுவுல நான் பேசத்தான் பாத்தேன். ஆனா நாப்பது வருஷமா கொழா ஸ்பீக்கரு கட்டிக் கட்டி அவருக்கு வலது காது சுத்தமா அவுட்டு. நான் உக்காந்திருந்தது வலது பக்கம். நான் குறுக்க பேசுறது அவருக்குக் கேக்கவே இல்ல. ரெண்டு மணி நேரம் யக்கா. என் ஆயுசுல ஒரு ஆளு பேசி முடிக்கிற வரைக்கும் நான் கேட்டது அன்னைக்குத்தான். கடைசியில அவரு என்னையப் பாத்து, "தாயி, எம் பொண்டாட்டி கூட இம்புட்டு நேரம் பொறுமையாக் கேட்டதில்ல"ன்னாரு. என்னைய. பொறுமையா.

சாரு அந்தப் பேப்பர பாத்துட்டு, "இது ப்ரொபோசலா, மரண வாக்குமூலமா?"ன்னாரு. மெடிக்கலுக்கு அனுப்புனாக. பிரீமியத்த ஏத்திட்டாக. ஒச்சப்பன் அண்ணன் கட்டிட்டாரு. "இந்தப் புள்ள இம்புட்டு எழுதியிருக்கு, வீணாப் போயிரக் கூடாது"ன்னு. அதுதான் என்னோட பன்னெண்டாவது. கோடு தப்பிச்சுருச்சு.

அஞ்சு மாசத்துல அவரு போயிட்டாரு. ஒரு மண்டபத்துல காலையில ஒயரு இழுத்துக்கிட்டு இருந்தவரு நெஞ்சப் புடிச்சுக்கிட்டு உக்காந்தாராம். எந்திரிக்கல. அவரு சம்சாரம் விருமாயி அண்ணிக்கு அந்த பாலிசியத் தவிர வேற ஒண்ணும் கெடையாது. ரெண்டு பொம்பளப் புள்ளைக. மைக் செட்டு பாதி கடனு.

இவ்வளவு சீக்கிரத்துல ஆளு போயிட்டா கம்பெனியில இருந்து விசாரிக்க வருவாக. ஒருத்தர் வந்தாரு. ஆஸ்பத்திரிக்குப் போயி பழைய சீட்டெல்லாம் எடுத்துட்டு வந்துட்டாரு. "சுகரு மறைச்சிருக்கீங்க"ன்னு ஆரம்பிச்சாரு. என் பேப்பர எடுத்துக் காட்டுனேன். "நெஞ்சு வலி"ன்னாரு. அதுவும் இருக்கு. ஒவ்வொண்ணா எறங்கி வந்து, கடைசியில நாய் பேரு மணிங்கிற எடத்துல வந்து பேனாவ மூடிட்டாரு. "இந்த ஃபாரத்த எழுதுனது யாரும்மா"ன்னாரு. விருமாயி அண்ணி என்னையக் கையக் காட்டி, "இந்தத் தங்கம்தேன்"னு அழுதாக. நான் தலையக் குனிஞ்சு நின்னேன். அடக்கம்னு நெனச்சுக்கிட்டாக.

பணம் முழுசா வந்துருச்சு. சாரச் சும்மா சொல்லக் கூடாது, அந்த ஃபைலத் தூக்கிக்கிட்டு மதுரைக்கு நாலு தடவ அலைஞ்சாரு, சொந்த பெட்ரோலப் போட்டு. ஆனா அதுக்கப்புறம் போற எடமெல்லாம், "நான் எப்பவும் இந்தப் பாப்பாகிட்டச் சொல்றதுதான், ஒண்ணு விடாம கேட்டு எழுதணும்னு"ன்னு பேச ஆரம்பிச்சாரு. அவரு பொய் சொல்றாருன்னு நெனைக்காதீங்க. மனுசன் நெசமாவே நம்புறாரு. நானும் ஒரு வாரம் அப்படித்தான் இருந்தேன் யக்கா. எதிர்க்க வர்றவுக என்னைய நேர்மைங்கிறாக, நானும் ஆமா நேர்மைன்னுட்டு நடக்குறேன். சேலைக்குத் தக்கன நடை மாறுற மாதிரி.

ஆபீஸுல கேக் வெட்டுனாக. எல்லாரும் போனப்புறம் ரமீஜாக்கா ஹெல்மெட்ட மாட்டிக்கிட்டே கேட்டாக. "அது சரி. மத்த பதினொண்ணு?"

கேட்டுட்டு நின்னாக. நான் ஒரு பதிலு சொன்னேன், ரெண்டு பதிலு சொன்னேன், சாரு மேல பழியப் போட்டேன், எல்லாரும் அப்படித்தான போடுறாகன்னேன். அவுக எண்ணுறாகன்னு எனக்குத் தெரியும். பதினெட்டுக்கு முன்னாடியே நான் அழுதுட்டேன். செல்லத்தாய்க்கு மூச்சுத் திணறலு உண்டு. தெருவுக்கே தெரியும். அதுக்கும் இல்லன்னு டிக் போட்டிருக்கேன். நாளைக்கு அது செத்து, அந்த ஆபீசரு வந்து பேப்பரக் கேட்டா?

சாருகிட்டப் போனேன். "மூணு வருஷம் ஓட்டிட்டா யாரும் தோண்ட மாட்டாங்க பாப்பா. பேசாம இரு"ன்னாரு. "அப்ப மூணு வருஷத்துக்கு யாரும் சாகாதீகன்னு வீடு வீடாச் சொல்லிட்டு வரவா சார்?"னு கேட்டேன். அவரு டீய வச்சிட்டு வெளிய போயிட்டாரு.

ஒவ்வொரு வீடாப் போனேன். நான் தப்பா எழுதிட்டேன், உண்மையச் சொல்லுங்க, கம்பெனிக்கு எழுதிக் குடுப்போம், பிரீமியம் ஏறுனாலும் ஏறும், பாலிசியே போனாலும் போகும். மாமா என்கிட்டப் பேசுறதில்ல. சலூன்காரரு, "இத மொதல்லயே கேக்குறதுக்கு உனக்கு என்ன கேடு"ன்னு கத்திரியோட வாசல் வரைக்கும் வந்தாரு. மூணு பேரு வேண்டாம்னு பாலிசிய விட்டுட்டாக. செல்லத்தாய்க்கு ஏத்திட்டாக, மாசாமாசம் நான் பாதி கட்டுறேன். பத்து வீடு முடிஞ்சுருச்சு.

மேடம் வீடு மட்டும் பாக்கி. அது மில் கேட்டுல.

ஹலோ. சார். ஆமா சார், பஸ்லதான். இல்ல சார், அந்த பஸ்ல இல்ல. சார், நான் சொல்றதக் கேளுங்க. அந்தப் பொன்னாடைய நீங்களே போட்டுக்கங்க. ஒண்ணு விடாம கேட்டு எழுதச் சொன்னது நீங்கதான சார். நான் குத்தல சார். சரி குத்துனேன். மேடையில ஏறி பதினோரு பொய் ஃபாரத்தப் பத்திச் சொல்லணும்னா வர்றேன், அதுக்கு ஒத்துக்கிறீகளா? ஹலோ? ... வச்சிட்டாரு.

ஒரு நிமிஷம் யக்கா, அப்புறம் சொல்லுங்க. இது முக்கியம்.

மேடம் இப்ப காலேஜுக்கு வர்றதில்லையாம். லீவு. முடியெல்லாம் கொட்டி, தலையில துண்டு கட்டியிருக்காகன்னு எங்க கிளாஸு பொண்ணு சொல்லுச்சு. அன்னைக்கு ஸ்டாஃப் ரூமுல அவுக சொல்ல வந்தது இதுதானான்னு எனக்குத் தெரியாது. தெரியாத மாதிரி நான்தான பண்ணேன். அவுகளுக்குக் கல்யாணம் ஆகல. நாமினின்னு போட்ட எடத்துல தம்பி பேரு. அவருக்குக் காதும் கேக்காது, பேச்சும் வராது. அக்காவுக்கு அப்புறம் அந்த மனுசன் கம்பெனிக்காரன்கிட்ட எப்படி வாதாடுவாரு? நான் போயி வாதாடலாம். நான் போட்ட டிக்க எடுத்துக் காட்டி என் வாயையே அடச்சுருவாக. அவுகளா அன்னைக்குச் சொல்ல வந்தாகன்னு தெரிஞ்ச ஒரே ஆளு நான். அத எழுதிக் குடுத்தாத்தான் மேடம் மேல தப்பு வராது. என் கோடு போயிரும்னு ரமீஜாக்கா சொன்னாக. போகட்டும்.

கையக் காட்டாதீங்கக்கா, வெளிய என்னத்தப் பாக்குறது. இங்க கேளுங்க. பையில லெட்டரு இருக்கு. மன்னிப்புக் கடிதம் இல்ல, திருத்தக் கடிதம். ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு. ராத்திரி எழுதி ரமீஜாக்காகிட்டக் காட்டுனேன், ஏழு பக்கம். அவுக அடிச்சு அடிச்சு நாலு வரி மிச்சம் வச்சாக. எண்ணிப் பாத்தேன், சரியா நாலு. மூணு செமஸ்டருக்கு முன்னாடி கேட்ட அதே நாலு.

என்னது? என்னக்கா சொல்றீக?

மில் கேட்டு போயிருச்சா.

எப்ப? ... அப்பவேவா?

நீங்க சொல்லத்தான் பாத்தீகளா. ஆண்டிபட்டி வரையில கையத் தொட்டீக, நான் இருங்கன்னேன். போன் வச்சதும் வாயத் தொறந்தீக, இது முக்கியம்னேன். அப்புறம் வெளிய கையக் காட்டுனீக. அந்தக் கைய நான் புடிச்சு எறக்கி மடியில வச்சேன். கடலையோட.

சிரிங்க யக்கா, பரவால்ல. கண்டக்டரும் சிரிக்கிறாரு பாருங்க. நீங்க வேற எதுக்குண்ணே, வண்டிய நிறுத்த வேணாம். க.விலக்குல எறங்கி எதிர்ப்பக்கம் ஏறிக்கிறேன். அங்க இருந்து வர்றது எல்லாம் மதுரை பஸ்ஸு. மில் கேட்டுல எறங்காம அப்படியே உக்காந்திருந்தா நேரா பொன்னாடைக்கே போயிரலாம். எறங்கிருவேன். எறங்கிருவேன்யக்கா.

க.விலக்குக்கு இன்னும் பத்து நிமிஷம் இருக்கா? அப்ப ஒண்ணு பண்ணுவோம். ஏறுன ஒடனே நீங்க ஒரு மாத்திரை போட்டீக. பாத்தேன். மடியில ஆஸ்பத்திரி சீட்டு இருக்கு, கன்னத்துல கை வச்சுக்கிட்டே வர்றீக. அதையும் பாத்தேன். கேக்கல. மேடம் வாசல்ல போயி நிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவ பழகிப் பாத்துக்கிறேன்.

உங்க ஒடம்புக்கு என்னக்கா?

எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன். நீங்க சொல்லுங்க.